பௌலேயின் வயிறும் படிக்கட்டு வாரமும்

ஸ்டுட்கார்ட், வெள்ளிக்கிழமை

அன்புள்ள கெர்ட்ரூட் பெரியம்மாவுக்கு,

உங்கள் வீட்டிலிருந்து மார்வின் எழுதுவது. புது இடுப்பு மூட்டு உங்கள் பேச்சைக் கேட்கத் தொடங்கியிருக்கும் என்றும், அந்த மருத்துவமனையில் சூப்பாவது சூடாகக் கிடைக்கிறது என்றும் நம்புகிறேன். நானும் அம்மாவும் நலம். பௌலே நலமில்லை. உங்கள் பூனைக்கு வயிறு கெட்டுவிட்டது. அதைப் பற்றியும், வீட்டைக் காலி செய்து முதியோர் இல்லத்துக்குப் போவதாக நீங்கள் ஏன் கையெழுத்துப் போட வேண்டும் என்பதைப் பற்றியும் விவரமாக எழுதச் சொல்லி அம்மா எதிரே உட்கார்ந்திருக்கிறாள். அந்த இல்லத்தில் பூனைக்கு இடமில்லை. அதையும் எழுதச் சொல்கிறாள்.

பௌலே முதலில் சமையலறையில் போனான். பிறகு உங்கள் நல்ல கம்பளத்தில். பிறகு என் வேலைக் காலணியில். அதை நான் காலை விட்ட பிறகுதான் தெரிந்துகொண்டேன். ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டு கதவைத் திறந்ததுதான் தப்பு, இடுக்கு வழியே பாய்ந்து மூன்றாம் மாடியிலிருந்து வாசல்வரை ஒரு படியையும் விட்டுவைக்காமல் போய் முடித்தான். அந்த வாரம் படி துடைக்கும் முறை நம்முடையது, யார் முறை என்று காட்டும் பலகை நம் வீட்டுக் கதவில்தான் தொங்கியது. நான் வாளியோடு இறங்கியபோது இரண்டாம் மாடி திருமதி ஐசெலே ஏற்கெனவே வெளியே நின்றார்.

"தம்பி, பலகை யாரு வீட்டுக் கதவுல தொங்குது?"

"எங்க வீட்டுலதான். துடைச்சுக்கிட்டுத்தானே இருக்கேன்."

"இதுக்குப் பேரு துடைக்கிறதா? உங்க பெரியம்மா மண்டி போட்டுத் தேய்ப்பா. கைப்பிடிக்கு அடிப்பக்கம்கூட விடமாட்டா."

தேய்த்தீர்கள், பெரியம்மா. வாழ்நாள் முழுக்கக் காப்பீட்டு அலுவலகத்தின் தரையைத் தேய்த்துவிட்டு வந்து இந்தப் படியையும் தேய்த்தீர்கள். கடைசியில் நீங்கள் துடைத்த ஈரத்திலேயே வழுக்கி இடுப்பை உடைத்துக்கொண்டீர்கள். அதை நான் திருமதி ஐசெலேயிடம் சொன்னேன். "ஆனா படி பளபளன்னு இருந்துச்சு" என்றார்.

பௌலேயைக் கூடையில் போட்டு மருத்துவரிடம் கொண்டுபோனேன். டாக்டரம்மா அவன் பிடரித் தோலைத் தூக்கிவிட்டுக் காட்டினார். தோல் கீழே இறங்காமல் கூடாரம்போல் நின்றது. "உடம்புல தண்ணியே இல்ல. இப்படியே விட்டா செத்துடுவான். இன்னிக்குத் தண்ணிய மட்டும் ஊசிக்குழாயில கொஞ்சம் கொஞ்சமாக் குடுங்க. நாளையிலேருந்து உப்பில்லாம வேகவச்ச கோழி, குழைஞ்ச சோறு. பால் பேச்சே எடுக்கக் கூடாது. நல்லா ஓய்வெடுக்கட்டும், மனசு நோகாமப் பாத்துக்குங்க" என்றார். அதே நாள் எனக்கும் வயிறு கலக்கியது. பூனையிடமிருந்து வந்ததோ, பெட்ரோல் பங்கில் வாங்கிய ரொட்டியிலிருந்து வந்ததோ தெரியாது. பார்சல் வண்டியில் இருந்தபடியே மேற்பார்வையாளரைக் கூப்பிட்டுச் சொன்னேன். "ரெண்டு தெரு தள்ளி ஒரு காபிக்கடை இருக்கு, அவங்க கக்கூஸக் கெஞ்சிக் கேட்டுப் பாரு. லீவு கீவுன்னா திங்கக்கிழமை வராத" என்றார். என் மனம் நோகாமல் பார்த்துக்கொள்ள எவருக்கும் சீட்டு எழுதித் தரப்படவில்லை. அன்று முழுக்க அடுத்தவர் வீடுகளுக்குக் குளியலறைச் சாமான்களைத் தூக்கிக்கொண்டு, பல்லைக் கடித்தபடி படியேறினேன்.

மறுநாளிலிருந்து பௌலே கோழி நெஞ்சுக்கறி சாப்பிட்டான், நான் காய்ந்த ரொட்டி சாப்பிட்டேன். தட்டில் வைத்தால் தொடமாட்டான். தரையில் உட்கார்ந்து, நாராகப் பிய்த்து, விரல் நுனியில் வைத்து நீட்டினால் நக்குவான். இரண்டு நாளில் கொஞ்சம் தேறி, ஜன்னலோரம் ஏறிப் படுத்தான். நானும் ஒரு மனிதனைப் போலத் தூங்கினேன். அடுத்த நாள் மறுபடியும் தண்ணீராகப் போயிற்று. எனக்கு ஒன்றும் புரியவில்லை. சாயங்காலம் வேலை முடிந்து வந்தால், நம் கதவுக்கு உள்பக்கம் ஒரு சாஸர். திருமதி ஐசெலே குந்தி உட்கார்ந்து காபிக்கு ஊற்றும் பால்கிரீமை அதில் ஊற்றிக்கொண்டிருந்தார். நீங்கள் அவசரத்துக்கென்று கொடுத்துவைத்த சாவி அவர் மடியில் கிடந்தது.

"என்ன பண்றீங்க?"

"தேதி முடிஞ்சுபோச்சு. அதுக்காகத் தூக்கிக் கொட்ட முடியுமா? நேத்துவரைக்கும் பிரிக்கக்கூட இல்லையே."

"பேதி புடுங்கிச் சாகக் கெடக்கான், திருமதி ஐசெலே!"

"அதான் பாவமேன்னு ஊத்துறேன். நீ பட்டினி போட்டுக் கொல்லுற, ராட்சசா!"

மேலே வந்து ஊற்றிய அதே கையால் கீழே போய் வீட்டுக்காரருக்குத் தொலைபேசியில் புகாரும் செய்திருக்கிறார்: நாற்றம், படி அசிங்கம், குடியிருக்க முடியவில்லை. முறை மாறியும் பலகையை வாங்க மறுக்கிறார். அசிங்கம் செய்கிற வீடே துடைக்கட்டும் என்கிறார். வீட்டுக்காரர் ப்ரெசிங்குக்கு இதுதான் வேண்டும். உங்களை அனுப்பிவிட்டு, புதுக் குளியலறை கட்டி, கம்ப்யூட்டர் வேலைக்காரர்கள் யாருக்காவது விடப் பார்க்கிறார்.

"அக்காவால இனி மூணு மாடி ஏற முடியுமா? படி தேய்க்க முடியுமா? நீயே கேட்டு எழுது" என்கிறாள் அம்மா. கேட்கிறேன், முடியுமா? முடியாதென்றால் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். பௌலேயைக் காப்பகத்தில் விட்டுவிடலாம். அங்கே கூண்டுகளுக்கும் வெப்பமூட்டி உண்டாம். எல்லோருக்கும் இதுவே நல்லது.

உங்கள் கால் ஊன்றி நிற்கவும், ராத்திரி வலியில்லாமல் உறங்கவும் மனமார வேண்டிக்கொள்ளும்,

உங்கள் தங்கை மகன்,
மார்வின்

பின்குறிப்பு: அம்மா இதுவரை படித்துவிட்டு, "இப்பத்தான் பொறுப்பா எழுதியிருக்க" என்று சொல்லித் தபால்தலை வாங்கப் போயிருக்கிறாள். பெரியம்மா, கையெழுத்துப் போடாதீர்கள். வாடகைக்குக் குடியிருப்போர் சங்கத்தில் விசாரித்துவிட்டேன். நீங்களாகப் போடாதவரை பூனையின் வயிற்றைக் காட்டி உங்களை வெளியேற்ற முடியாதாம். ஐசெலேயிடமிருந்து சாவியைப் பிடுங்கிவிட்டேன். பௌலே நேற்றிலிருந்து கெட்டியாகப் போகிறான். நீங்கள் நிமிர்ந்து நடக்கும்வரை நான் இங்கேயே இருப்பேன். முந்தாநாள் ப்ரெசிங் அளவு நாடாவோடு வந்து, என்னைக் கேட்காமலே உங்கள் படுக்கையறையை அளந்தான். நாடாவின் மறுமுனையைப் பிடிக்கச் சொன்னான். அவன் சுவரோரம் குனிந்திருந்தபோது பௌலே மெல்ல நடந்துவந்து, திறந்து கிடந்த அவனுடைய தோல் பைக்குள் இறங்கி உட்கார்ந்தான். பௌலே உட்கார்ந்த விதத்திலேயே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. நாடா தொய்யாமல் இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றேன்.