முன்பக்க இடது சக்கரம்

எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. பானெட்டைத் திறந்தால் எது எதற்கு என்று தெரியாது. நான் மெக்கானிக்கல் இன்ஜினியர்.

இந்த மூன்றையும் சேர்த்துச் சொல்லும் துணிச்சல் இப்போதுதான் வந்திருக்கிறது. அப்போதெல்லாம் மூன்றாவதை மட்டும்தான் சொல்வேன். எங்கள் குடும்பத்தில் நான்தான் முதல் பட்டதாரி என்று அரசாங்கமே முத்திரை குத்திக் கொடுத்திருக்கிறது. சென்ட்ரிங் வேலை செய்யும் அப்பா அந்தச் சான்றிதழை லேமினேட் செய்து சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார். (வேலை என்னவோ கேளம்பாக்கத்தில் கம்ப்யூட்டர் முன்னால்தான். அதையெல்லாம் யார் கேட்டார்கள்?) பெரும்பாக்கத்தில் எங்கள் பிளாக்கில் மிக்சி ஓடாவிட்டாலும் லிஃப்ட் நின்றாலும் என்னைத் தேடித்தான் ஆள் வரும். நானும் போய், கையைக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "லோடு ஜாஸ்தி" என்று சொல்லிவிட்டு வருவேன்.

இப்படி இருக்கும்போது அக்காவுக்கு வளைகாப்பு வந்தது. வண்டலூரில் அவள் மாமியார் வீட்டில் சடங்கு. முடிந்ததும் பிரசவத்துக்காக அவளை எங்கள் வீட்டுக்கு அழைத்து வர வேண்டும். அம்மாவின் தம்பி சேகர் மாமா, ஸ்கூல் பிள்ளைகளை ஏற்றும் பழைய வேன் ஒன்று வைத்திருந்தார். அதில்தான் பயணம். முன்தினம் மாலை மாமா வந்து, முன்பக்கம் ஏதோ சத்தம் கேட்கிறது, கேம்ப் ரோடு மெக்கானிக்கிடம் காட்டிவிட்டு வந்துவிடுகிறேன் என்றார்.

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு மாமாவைப் பார்த்தார்.

"வூட்லயே இன்ஜினியர வெச்சுகினு மெக்கானிக்க தேடி இன்னாத்துக்குப் போற?"

மாமாவோடு வேனில் ஏறி பிளாக்கைச் சுற்றி ஒரு ரவுண்டு போனேன். மேடு பள்ளத்தில் இறங்கும்போது இடது பக்கம் 'டொக் டொக்' என்றது. சத்தம் பிடிப்பவர்கள் கண்ணை மூடிக்கொள்வார்கள் என்று ஏதோ வீடியோவில் பார்த்திருந்தேன். மூடிக்கொண்டேன். திறந்தபோது எனக்கு ஞாபகம் இருந்த ஒரே பாகத்தின் பெயரைச் சொன்னேன்.

"சி.வி. ஜாயின்ட் மாமா."

"அது இந்த வண்டில கீதா?"

"எல்லா வண்டியிலயும் இருக்கும் மாமா."

(இல்லை. இன்ஜின் சுழற்றும் முன்சக்கரத்தில்தான் அது இருக்கும்; அந்த வேனைப் பின்சக்கரம்தான் தள்ளும். முன்சக்கரத்துக்கும் இன்ஜினுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. அங்கே இல்லவே இல்லாத ஒன்று கெட்டுப்போய்விட்டது என்று சொல்லியிருக்கிறேன்.)

அதோடு விட்டிருந்தால் இந்தக் கட்டுரை கிடையாது. போனில் ஒரு வீடியோவைப் பார்த்துக்கொண்டே ஜாக்கி வைத்துத் தூக்கி, இடது சக்கரத்தைக் கழற்றினேன். உள்ளே எல்லாமே ஒரே கறுப்பாக இருந்தது. எதற்கெல்லாம் கிரீஸ் போதாது என்று தோன்றியதோ அதற்கெல்லாம் தடவினேன். சக்கரத்தை மாட்டி, நாலு நட்டையும் திருகி, ஜாக்கியை இறக்கினேன். இறக்கிய கையோடு அம்மா வளையல் வாங்கக் கடைக்கு அனுப்பிவிட்டாள்.

மறுநாள் வண்டலூருக்குப் போகும்போது சத்தமே இல்லை. மாமா என் முதுகில் தட்டினார். சடங்கு நல்லபடியாக முடிந்தது. வயிற்றுப் பிள்ளைக்காரியை இந்தப் பழைய வேனிலா கூட்டிப்போகிறீர்கள், எங்கள் காரிலேயே அனுப்பி வைக்கிறோம் என்று அக்காவின் மாமியார் இரண்டு தரம் சொன்னார். அப்பா இரண்டு தரமும் ஒரே பதிலைத்தான் சொன்னார். பையன் இன்ஜினியர், அவனே செக் பண்ணிவிட்டான்.

நாலரைக்கு ராகு காலம். அதற்குள் அக்கா எங்கள் வாசற்படியை மிதித்துவிட வேண்டும். மூன்று மணிக்குப் புறப்பட்டோம்.

பெருங்களத்தூர் வருவதற்குள் சத்தம் திரும்ப ஆரம்பித்தது. ஆனால் இது பழைய 'டொக் டொக்' இல்லை. பள்ளம் மேடு பார்க்காமல், சக்கரம் ஒவ்வொரு சுற்றுக்கும் 'கடக் கடக்' என்றது. நான் முன்சீட்டில், சரியாக அந்தச் சக்கரத்துக்கு மேலேயே உட்கார்ந்திருந்தேன். மாமா காதைச் சாய்த்து, இது வேறு மாதிரி கேட்கிறதே என்றார். கிரீஸ் செட் ஆகிறது என்றேன்.

சொல்லிவிட்டு, இந்தச் சத்தம் எதனால் என்று போனை எடுத்துத் தேடினேன். தேடியிருக்கக் கூடாது. சக்கரம் உட்பக்கமாக மடங்கிவிடலாம், வண்டி கவிழலாம் என்று போட்டிருந்தது. கூடவே ஒரு படம். நிமிர்ந்தால் ஜி.எஸ்.டி. ரோடு, இந்தப் பக்கம் லாரி, அந்தப் பக்கம் பஸ். பின்னால் அம்மா, அப்பா, ராணி அத்தை, சித்தி. நடுவில் இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் கண்ணாடி வளையலோடு அக்கா. ஒவ்வொரு 'கடக்'குக்கும் அந்த வளையல்கள் 'சலக்' என்றன. என் பக்கம் பிரேக்கே கிடையாது. ஆனாலும் தரையை மிதித்துக்கொண்டே வந்தேன்.

நிறுத்துங்கள், எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஒரே வரி. அதற்குப் பதிலாக, "மாமா, ஓரமா நிறுத்து. ஒண்ணுக்கு வருது" என்றேன்.

இறங்கி முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தினேன். டயரைத் தட்டினேன், ஆட்டினேன், காதை வைத்தேன். நட்டுகளை மூடிக்கொண்டு வீல் கப் பளபளவென்று சிரித்தது. ஒன்றும் புரியவில்லை. ஏறிவிட்டேன்.

தாம்பரத்தில் மறுபடி இறங்கினேன். சேலையூரில் மறுபடி. மூன்றாவது தடவை ஏறினேன். ராணி அத்தை மெதுவாக, இந்த வயதிலேயேவா என்று அம்மாவிடம் கேட்டாள். அத்தைக்குச் சர்க்கரை உண்டு, அறிகுறியெல்லாம் அத்துப்படி. நான் ஒவ்வொரு தடவையும் இறங்கிக் குந்தியது அவள் சந்தேகத்தை இன்னும் உறுதியாக்கியிருந்தது. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்பா மணி பார்த்தார்.

கேம்ப் ரோடு தாண்டியதும் ஸ்டியரிங்கே ஆட ஆரம்பித்தது. இந்த முறை மாமா நான் கேட்காமலே நிறுத்தினார். நான் குதித்து இறங்கி வீல் கப்பைப் பிடித்து இழுத்தேன். அது கையோடு வந்தது. அதற்குள் ஒரு நட்டு உருண்டுகொண்டிருந்தது. மிச்சம் மூன்றையும் தொட்டேன். விரலாலேயே சுழன்றன.

ஜாக்கியை இறக்கிய பிறகு, சக்கரம் தரையில் நிற்கும்போது நட்டுகளை இன்னொரு தரம் முழு பலத்தோடு இறுக்க வேண்டும். சக்கரம் கழற்றும்போது பார்த்த வீடியோவின் கடைசியிலேயே அதைச் சொல்லியிருந்தார்கள். நான் அதற்கு முன்பே வீடியோவை நிறுத்தியிருந்தேன்.

ஜன்னல் வழியாக அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அத்தை, சீட்டுக்குக் கீழ ஸ்பேனர் இருக்கும், அத எடுங்க" என்றேன்.

உள்ளேயிருந்து அத்தையின் குரல் வந்தது.

"ஏன்டா, ஒண்ணுக்குப் போறதுக்கு இன்னாத்துக்குடா ஸ்பேனரு?"

சித்தி வெடித்துச் சிரித்தாள். அம்மாகூடச் சிரித்தாள். மாமா இறங்கி வந்து என் உள்ளங்கையில் இருந்த நட்டைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. அவர் திட்டவில்லை. நட்டைப் பிடுங்கி மாட்டி, ஸ்பேனர் மேல் ஏறி நின்று ஒவ்வொன்றாக இறுக்கினார். அப்பாவும் இறங்கி வந்து பார்த்தார். திரும்ப ஏறிக்கொண்டார். திட்டியிருக்கலாம்.

அக்கா கேட்டாள்: "நெஜமா சொல்லு, இப்ப போலாமா?"

"எனக்குத் தெரியாதுக்கா. மாமாவக் கேளு."

யாரிடமாவது நான் தெரியாது என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

மேடவாக்கத்தில் மணி நாலரை ஆகிவிட்டது. ராகு காலத்தில் அக்கா படியேறக் கூடாது என்று அம்மா ஒற்றைக்காலில் நின்றதால், ஆறு மணி வரைக்கும் வேனை ஒரு மர நிழலில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அந்த ஒன்றரை மணி நேரத்தில் ராணி அத்தை தன் போனில் இருந்த எல்லோரையும் அழைத்து ஸ்பேனர் கதையைச் சொன்னாள், அக்காவின் மாமியாரிடமும். மறுநாள் மெக்கானிக் பார்த்துவிட்டு, பழைய சத்தத்துக்குக் காரணம் தேய்ந்துபோன ஒரு ரப்பர் புஷ்தான், அரை மணி நேர வேலை என்றார். அதை யாருக்கும் அத்தை போன் போட்டுச் சொல்லவில்லை.

போன மாதம் அக்கா மகளுக்குக் காது குத்தினோம். மண்டபத்தில் பாத்ரூம் போய்விட்டுக் கதவைத் திறந்தால், வாசலில் ஒரு வீல் ஸ்பேனர் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. கூடத்தில் ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. அக்காவின் மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். அப்பாவின் தோள் குலுங்கியது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதை எடுத்துக்கொண்டு கீழே போய், மாமா வேனின் பதினாறு நட்டுகளையும் ஒரு தரம் இறுக்கிப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிட உட்கார்ந்தேன்.