நரி தப்பாகக் கேட்ட திங்கட்கிழமை

ஒரு காட்டில் மனுநாள் என்று ஒன்று உண்டு. திங்கள்தோறும் விலங்குகள் டோக்கன் வாங்கிக்கொண்டு வரிசையில் நிற்கும். குறை கேட்கும் அதிகாரி நரி ஏகாம்பரம்.

கேட்பதில் அதற்கு இணை கிடையாது. இழவு வீட்டில் கன்னத்தில் கைவைத்துக் கேட்கும். புலிராஜா வேட்டைக் கதை சொன்னால் கண்ணை அகல விரித்து, "அப்புறம் என்னாச்சு மகாராஜா?" என்று துடிக்கும். மனு கொடுப்பவர் பேசினால் செல்போனைத் தடவிக்கொண்டே, "பரிசீலிக்கப்படும். அடுத்து!" என்னும். இப்படி இடமறிந்து கேட்டுக் கேட்டுத்தான் அது நாற்காலி பிடித்தது.

ஒரு திங்களன்று முறை பிசகியது. காலையிலேயே கதை சொல்லப்போவதாக ராஜா சொல்லி அனுப்பினார். நரியும் முகத்தை மலர்த்தி, காதை நிமிர்த்திக் காத்திருந்தது. ராஜாவுக்கோ வயிறு சரியில்லை. கதை மாலைக்குப் போயிற்று. மலர்த்திய முகத்தை மடக்குவதற்குள் புள்ளிமான் சடச்சி உள்ளே வந்துவிட்டது.

"அய்யா, குளத்தைச் சுத்தி வேலி போட்டுட்டாங்க."

"அப்புறம் என்னாச்சு?"

சடச்சி திகைத்துப் போனது. பதினோரு வருஷமாக இதே மனு. முதல் வரியைத் தாண்டி யாரும் அதைப் பேசவிட்டதில்லை.

"அப்புறம்... புள்ளைங்க நாக்கு வறண்டு கெடக்குதுங்க. வேலி போட்டது ராஜாவோட மச்சினன் முதலைங்க."

"ஐயோ! அப்புறம்?" நரியால் தன் வாயை நிறுத்த முடியவில்லை.

வரிசையில் நின்றவை எட்டிப் பார்த்தன. தன் குறையும் அந்த வேலிதான் என்றது முயல். ஆமையும் அதையே சொன்னது. டோக்கன் வேறு வேறு, தாகம் ஒன்றுதான்! பின்னால் நின்ற கிழட்டுக் காட்டுப்பன்றி உறுமிற்று: "இன்னும் என்னடா அப்புறம்? வாங்க போவோம்!"

மத்தியானத்துக்குள் வேலி இல்லை.

நரி கணக்குப் போட்டது: நாற்காலி போயிற்று, கழுத்தும் போகும். பதற்றத்தில் செல்போனைத் தடவியபடியே மாலையில் ராஜா முன்னால் போய் நின்றது. வேலி சேதி தெரியாத ராஜா கதையைத் தொடங்கினார்.

"ஒரே பாய்ச்சல்! எருமையின் கழுத்தைக் கவ்வினேன் பார்..."

"பரிசீலிக்கப்படும். அடுத்து!"

ராஜா நகத்தை நீட்டினார். அந்நேரம் வாசலில் முழக்கம் எழுந்தது: "மக்கள் செவி ஏகாம்பரம் வாழ்க!" வயிறு நிறையத் தண்ணீர் குடித்த கூட்டம் மாலையோடு வந்திருந்தது. ராஜா கூட்டத்தின் அளவைப் பார்த்தார், நகத்தை மடக்கினார். இவனை வெளியே விட்டால் நம் சிம்மாசனத்துக்கு வருவான் என்று அஞ்சி, நின்ற இடத்திலேயே நரியை மந்திரியாக்கினார்.

மந்திரியின் முதல் உத்தரவு: இனி யாரும் குறையை வாயால் சொல்லக் கூடாது, எழுதிப் பெட்டியில் போட வேண்டும். கூட்டம் அதற்கும் கைதட்டியது.

வேலியைப் பிடுங்கியதில் பன்றிக்கு இரண்டு பல் போயிற்று. பொதுச்சொத்தைச் சேதப்படுத்தியதாக ஆறு மாதம் உள்ளே வைத்தார்கள். வெற்றியைக் கொண்டாடி ஒட்டிய சுவரொட்டி எதிலும் அதன் பெயர் இல்லை.

நீதி: ஆளுக்கு ஏற்றபடி கேட்கப் பழகு. தவறிப்போய் உண்மையிலேயே கேட்டுவிட்டாலும் கலங்காதே. சிறைக்குப் போக ஒரு பன்றி கிடைக்கும், மாலை உன் கழுத்துக்கு வரும்.