டிரஸ்டி சம்மதிக்கவில்லை

மனித குலத்துக்கு நெருப்பைக் கண்டுபிடித்துத் தந்தவர் யாரென்று தெரியாது. வரி கட்டாமல் வாழும் வழியைக் கண்டுபிடித்துத் தந்தவர் இந்த டிரஸ்ட் வக்கீல்தான். அப்பேர்ப்பட்டவருடைய இணையதளத்தில் 'தொழில் பின்னணி' என்ற பக்கம் மட்டும் காலியாகக் கிடந்தது. உலகத்தின் இந்தக் குறையை நீக்க, ஒருநாள் டைப்பிஸ்ட் பெண்ணை உட்கார வைத்துச் சொல்லத் தொடங்கினார்.

முதலில் வரித்துறையில் சட்டம் எழுதினார். பின்னால் வருகிறவர்கள் மூச்சுவிட வேண்டுமே என்ற இரக்கத்தில், எழுதும்போதே அங்கங்கே ஓட்டை வைத்தார். பிறகு வேலையை விட்டு வெளியே வந்து, அந்த ஓட்டைகளுக்கு வழி சொல்லிப் பீஸ் வாங்கினார். இதை 'அரசுத் துறையிலும் தனியார் துறையிலும் ஆழ்ந்த அனுபவம்' என்று போடச் சொன்னார்.

அப்போதுதான் அவருடைய அக்கா வந்தாள். குடியிருந்த வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். அப்பா இருவருக்குமாக விட்டுப்போன வீட்டில் மாடி அறை பூட்டித்தானே கிடக்கிறது, அதைத் திறந்துவிட்டால் போதும் என்றாள். வரி வந்து விழுங்கிவிடும் என்று பயமுறுத்தி அந்த வீட்டை டிரஸ்டில் போட்டதே தம்பிதான்; அவர் எழுதிய முதல் டிரஸ்ட் அது. அவர் காட்டிய இடத்திலெல்லாம் அவள் கையெழுத்துப் போட்டிருந்தாள். அதில் யார் குடியிருக்கலாம் என்பது, டிரஸ்டை நிர்வகிக்கும் டிரஸ்டியின் விருப்பம்.

வக்கீலுக்குக் கண் கலங்கிவிட்டது.

"எனக்கு முழு சம்மதம்க்கா. ஆனா டிரஸ்டி ஒத்துக்கணுமே."

"டிரஸ்டி யாரு?"

"நான்தான். இப்ப தம்பியா பேசிட்டிருக்கேன்."

அக்காவை வெளியே உட்கார வைத்துவிட்டு, கதவைச் சாத்தி, அவசரக் கூட்டம் கூட்டினார். தலைவர் அவர், உறுப்பினர் அவர், எதிர்த்துப் பேசியவரும் அவரே. கடும் விவாதம் நடந்தது; நடுவில் தேநீர் இடைவேளைகூட விடப்பட்டது. கோரிக்கை ஏகமனதாக நிராகரிக்கப்பட்டது. வெளியே வந்து, டிரஸ்டி கல்நெஞ்சக்காரர் என்று அக்காவிடம் வருத்தப்பட்டுக்கொண்டார். தம்பி என்ற முறையில் எவ்வளவோ வாதாடிப் பார்த்ததாகவும் சொன்னார்.

அக்கா அழவில்லை. எழுந்து டைப்பிஸ்ட் பெண்ணிடம் போனாள்.

"இதையும் சேத்துக்கோம்மா. இவரோட முதல் கட்சிக்காரி சொத்து இன்னிக்கு வரைக்கும் பத்திரமா இருக்கு. அவளாலயே உள்ள போக முடியல."

வக்கீல் படித்துப் பார்த்து நெகிழ்ந்துபோனார். தன் தொழிலை இவ்வளவு சுருக்கமாகத் தன்னாலேயே சொல்ல முடிந்ததில்லை என்று ஒப்புக்கொண்டு, அதையே முதல் வரியாகப் போடச் சொன்னார்.

மறுவாரம் வரவேற்பறையில் உட்கார இடமில்லை. வந்தவர்கள் எல்லோரும் கண்ணியமான மனிதர்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் அக்காவோ தங்கையோ இருந்தாள்.