தையல் மிஷினில் கரண்ட் அடைப்பு

அன்புள்ள மச்சானுக்கு,

உன் அக்காவின் கணவன் எழுதிக்கொள்வது. நான் நலம். உன் அக்கா நலம். அவளுடைய தையல் மிஷின்தான் நலமில்லை. மோட்டார் ரிப்பேர் பார்க்கும் உன் இரண்டு கைகளும் நலமாக இருக்க வேண்டும். மற்றபடி நீ எப்படி இருந்தாலும் எனக்குச் சம்மதம்.

நாளைக் காலையில் பள்ளிக்கூடத்துச் சீருடை எல்லாம் போயாக வேண்டும். உன் அக்கா, "பட்டன் வாங்கிட்டு வந்துடறேன். மிஷினுக்கு எண்ணெய் மட்டும் விடுங்க, வேற எதையும் தொடாதீங்க"ன்னு சொல்லிட்டுப் போனா. எண்ணெய் விட்டேன். ஓடுதான்னு ஒரு அழுத்து அழுத்தினேன், ரெண்டு சுத்து சுத்திட்டு நின்னு போச்சு. போன தடவை வந்தப்ப நீதானே சொன்னே, கரண்ட்டுங்கறது குழாய்த் தண்ணி மாதிரி, வோல்ட்டுங்கறது தொட்டியோட உயரம்னு? சரி, அடைப்புதான்னு முடிவு பண்ணி, ப்ளக்கைப் பிடுங்கி வயரை நீவி விட்டேன், ஒரு முனையில ஊதியும் பார்த்தேன். திரும்ப மாட்டினேன், வரலை. பள்ளத்துக்குத்தானே பாயும்னு மிஷினை மேஜையிலேருந்து இறக்கித் தரையில வச்சேன். அப்பவும் வரலை. அடிமூடியைத் திறந்தேன். ரெசிஸ்டர் கலர் கலரா வரி போட்டுக்கிட்டு உட்கார்ந்திருந்துச்சு. பக்கத்துல கண்டன்சர். அது கரண்ட்டைச் சேத்து வைக்கிற குடம்னு சொன்னியே, குடம் காலியான்னு பார்க்க விரலை வச்சேன் பாரு, காலியா இல்லை! கல்யாணத்தன்னிக்கு உன் அக்காவைப் பார்த்தப்பகூட இப்படித் தூக்கிப் போடலை. எல்லாத்தையும் மாட்டி மூடிட்டேன். ஓடலை. நாளைக்குத் துணி போகலேன்னா அந்தப் பள்ளிக்கூடம் இனி அவளுக்கு வேலையே குடுக்காது. போனும் அவ கையில. அதான் உங்க பக்கம் வர்ற பால் வண்டிக்காரர்கிட்ட இதைக் குடுக்கறேன். அதே வண்டியில ஏறி வந்துடு. அத்தானைப் பார்க்கணும்போல இருந்துச்சுன்னு சொல்லு. நம்ப மாட்டா, இருந்தாலும் சொல்லு.

வீட்டில் அனைவருக்கும் என் ஆசீர்வாதம். உனக்கு மட்டும், வந்து சேர்ந்த பிறகு.

இப்படிக்கு,
உன் அத்தான்

பி.கு.: வர வேண்டாம். தெருவுக்கே கரண்ட் இல்லையாம், இப்பத்தான் வந்துச்சு. மிஷின் குதிரை மாதிரி ஓடுது. உன் அக்காவும் வந்து உட்கார்ந்துட்டா. "என்னங்க, மிஷினைத் தொட்டா கையெல்லாம் குறுகுறுங்குது"ன்னா. "வயசாகுதில்ல"ன்னேன். முறைச்சா. எதுக்கும் ப்ளக்கைப் பிடுங்கிட்டேன். மிஷின் உடம்புல சும்மா கட்டியிருந்த பச்சை வயர் ஒண்ணு என் சட்டைப் பையில மிச்சம் இருக்கு. அதுக்கும் ஏதாச்சும் வேலை உண்டா? உன் அக்கா ரப்பர் செருப்பை எடுக்கப் போயிருக்கா. கால்ல போடவா, என் மேல போடவான்னு தெரியலை. வந்துடு.