நிமிடம் ஒன்றரை ரூபாக் காம்போதி

சங்கீதத்தை ரசிக்கிறவர்கள் ஒரு சாதி, ரசிக்காதவர்கள் இன்னொரு சாதி என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பீர்கள். இரண்டுக்கும் நடுவே மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. ரசிக்கலாமா என்று விசாரித்துக்கொண்டே இருக்கும் சாதி அது. விசாரணை ரசிகர் என்று அவருக்குப் பெயர் வைப்போம்.

சனிக்கிழமைக் காலைகளில் வெள்ளவத்தை காலி வீதியில் உள்ள எந்த இசைத்தட்டுக் கடைக்குள்ளும் எட்டிப் பாருங்கள், ஒருவராவது அகப்படுவார். தட்டின் முன்பக்கத்தில் வித்துவான் சிரித்துக்கொண்டிருக்க, அவரைக் குப்புறக் கவிழ்த்துப் போட்டு, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருப்பதை எல்லாம், அச்சகத்தின் விலாசம் வரைக்கும், உதடு அசைய வாசித்துக்கொண்டிருப்பவர் அவர்தான். கடைக்குள் ஒலிக்கும் பாட்டுக்கு அவருடைய தலை ஆடாது. அந்தப் பாட்டைப் பற்றி இன்னும் ஒருவரும் எழுதவில்லையே!

இந்தச் சாதியின் நல்ல மாதிரி ஒன்றை உங்களுக்குக் காட்டுகிறேன். திருவாளர் இரத்தினசிங்கம் அரசாங்கத் திணைக்களம் ஒன்றில் பிரதம லிகிதர். கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கையில் வீடு. வெள்ளவத்தைச் சந்தையில் பாரைமீன் வாங்கும்போது அவரைப் பார்க்கவேண்டும். செவுளைத் தானே தூக்கிப் பார்ப்பார், வயிற்றை அமர்த்திப் பார்ப்பார், மணந்து பார்ப்பார், "எப்பா மல்லி, ஈயே மாளு" என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு அடுத்த கடைக்குப் போவார். நேற்றைய மீன் என்று கண்டுபிடிக்க அவருக்கு எந்தப் பத்திரிகையும் தேவைப்பட்டதில்லை. மூக்கில் அவ்வளவு நம்பிக்கை. காதில்தான் ஒரு துளி நம்பிக்கையும் கிடையாது.

ஆகவே சீ.ஆர். கொப்பி என்று சொல்லும் தடித்த நோட்டுப் புத்தகம் ஒன்று வைத்திருந்தார். இசைத்தட்டுகளைப் பற்றி வெளிவந்த விமர்சனங்களை எல்லாம் வெட்டி அதில் ஒட்டி, பக்கத்தில் சிவப்பு மையால் குறிப்பு எழுதுவார். விமர்சனத்தை அப்படியே நம்புகிற ஏமாளி அல்லர் அவர். விமர்சகர்களையும் நிறுத்துப் பார்க்கிறவர். சென்னை வார இதழில் எழுதும் 'தம்புராதாசன்' எல்லாரையும் புகழ்கிறவர். எனவே அவர் 'அபாரம்' என்றால் பரவாயில்லை என்று பொருள், 'நன்று' என்றால் அந்தப் பக்கமே போகக்கூடாது. இன்னொரு இதழின் 'கறார் கண்ணன்' பிறந்த நாள் முதல் ஒருவரையும் புகழாதவர். அவர் 'குறைகள் சில இருப்பினும்' என்று தொடங்கினால் ஓடிப்போய் வாங்கிவிடலாம். உள்ளூர்ப் பத்திரிகையில் எழுதுகிற 'வெள்ளவத்தையான்' இருக்கிறாரே, அவர் தட்டைக் கேட்டுத்தான் எழுதுகிறாரா என்பதே இரத்தினசிங்கத்துக்குச் சந்தேகம். 'அட்டைப் படத்தில் வித்துவானின் சால்வைக் கரை தெளிவாக விழுந்திருக்கிறது' என்று எழுதினால் வேறு என்ன நினைப்பது?

இப்படி எடைபோட்ட பிறகு பெறுமதியையும் பார்ப்பார். தட்டின் விலையை அது ஓடும் நிமிடங்களால் பிரித்தால் ஒரு நிமிடச் சங்கீதம் என்ன விலை என்று தெரிந்துவிடும் அல்லவா? இந்தக் கணக்கைக் கண்டுபிடித்த நாளில் அவருக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி எந்தக் கச்சேரியிலும் ஏற்பட்டதில்லை.

இவ்வளவு ஆயத்தங்களுடன் இருந்த மனிதரின் வீட்டில் எத்தனை தட்டுகள் இருந்தன என்கிறீர்கள்? ஒன்றுகூட இல்லை.

ஆனால் தட்டுப் போடும் பெட்டி இருந்தது. திறந்த பொருளாதாரம் வந்த புதிதில், மனைவி சரோஜினிதேவியின் தம்பி லண்டனில் இருந்து அனுப்பிய றெக்கோட் பிளேயர். வந்து எட்டு மாதம். முதன்முதலாகப் போடுகிற தட்டு சகல விமர்சகர்களும் ஒப்புக்கொண்ட உத்தமமான தட்டாக இருக்கவேண்டும் என்று அவர் தீர்மானித்திருந்தபடியால், பெட்டி மண்டபத்து மேசையில் மௌன விரதம் இருந்தது. வெள்ளிக்கிழமை தோறும் குளித்துவிட்டு வந்து, மஞ்சள் துணியால் அதன் மூடியையும் ஊசிக் கையையும் பொத்தான்களையும் பயபக்தியோடு துடைப்பார். அந்தத் துடைப்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரோஜினிதேவி சங்கீதம் படித்தவர் அல்லர், விமர்சனமும் வாசிப்பதில்லை. ஒருநாள் குசினியில் நிற்கும்போது திருச்சி வானொலியில் கடம்பங்குளம் நாகநாதன் என்பவருடைய பிடில் போனது. காம்போதி. அவசரமில்லாமல், இழுத்து, நிறுத்தி, யோசித்து வாசித்தார். சரோஜினிதேவி அகப்பையைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார். கத்தரிக்காய்க் குழம்பு அடிப்பிடித்தது. கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் முதல்தடவையாகத் தனக்கென்று ஒன்றை அன்றைக்குத்தான் புருஷனிடம் கேட்டார்.

"இஞ்சாருங்கோ, அந்தப் பிடில்காரற்றை றெக்கோட் ஒண்டு வாங்குவமே. மேசையிலை உது சும்மா தானே கிடக்கு."

"வாங்கலாம்," என்றார் இரத்தினசிங்கம். "விசாரிச்சுப் பாக்கிறன்."

அவ்வளவுதான், விவகாரம் கொப்பிக்குள் போய்விட்டது. நாகநாதனின் காம்போதித் தட்டைப் பற்றித் தம்புராதாசன் 'குதிரைப் பாய்ச்சல்' என்று எழுதியிருந்தார். கறார் கண்ணன் 'ஆமை நடை' என்று எழுதியிருந்தார். வெள்ளவத்தையான் சால்வையைப் பற்றி எழுதியிருந்தார். ஒரே தட்டு எப்படிக் குதிரையாகவும் ஆமையாகவும் இருக்கும்? இந்த ஒரு கேள்வியில் நான்கு மாதம் போயிற்று. அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரரான ஒஸ்வால்டிடம் ஆலோசனை கேட்டார். ஒஸ்வால்ட் கொட்டாஞ்சேனைக்காரர், மாதா கோயில் பாடகர் குழுவில் பாடுகிறவர், விசாரணை ரசிகர்களின் மேல்நாட்டுக் கிளை. மூன்று லண்டன் விமர்சகர்கள் மூன்று விதமாகச் சொன்னார்கள் என்பதற்காக ஒரே சிம்பொனியை மூன்று தட்டாக வாங்கி, எது சரி என்று தீர்மானமாகாதபடியால் மூன்றையும் உறை பிரிக்காமல் அலுமாரியில் வைத்திருந்தார். அவரிடம் என்ன முடிவு கிடைக்கும்?

இரத்தினசிங்கம் சனிக்கிழமை தோறும் பாயிஸ் என்பவருடைய இசைத்தட்டுக் கடைக்குப் போய் அந்தத் தட்டை எடுத்துப் பார்ப்பார், வைப்பார். கடையில் இருந்தது ஒன்றே ஒன்றுதான்.

"ஐயா, போட்டுக் காட்டட்டா?" என்று பாயிஸ் கேட்பார். "அஞ்சு நிமிஷம் கேட்டுட்டு எடுங்களேன்."

"சீச்சீ, வேண்டாம். கேட்டால் அபிப்பிராயம் ஒரு பக்கம் சாஞ்சுபோம்."

இதைச் சொல்லும்போது அவருடைய முகத்தில் ஒரு நீதவானின் களை இருக்கும். பாயிஸ் தட்டை வாங்கித் தூசி தட்டி மறுபடியும் அலுமாரியில் அடுக்குவார். வீட்டுக்கு வந்ததும் சரோஜினிதேவி அவருடைய கையைப் பார்ப்பார், பையைப் பார்ப்பார், குசினிக்குள் போவார். அந்தப் போக்கு இரத்தினசிங்கத்துக்கு மனதில் குத்தத்தான் செய்தது. ஆனாலும் ஆமையா குதிரையா என்று தெரியாமல் அறுபத்தாறு ரூபாவை எப்படிக் கொடுப்பது?

கடைசியில் ஒரு வியாழக்கிழமை பாயிஸே ஒழுங்கையில் அவரை மறித்தார். "ஐயா, கிருலப்பனை டொக்டர் ஒருத்தர் அந்தப் பிடிலைக் கேட்டுச் சொல்லிட்டுப் போயிருக்கார். சனிக்கிழம வந்து எடுக்கிறாராம். இனி எப்ப வருமென்டு எனக்கே தெரியா."

டொக்டர் ஒருவர் கேட்கிறாரா? விமர்சகர்கள் மூவராலும் ஆகாதது இந்த ஒரு வார்த்தையால் ஆயிற்று. அன்று பின்னேரமே வாங்கிவிட்டார். நாற்பத்துநான்கு நிமிடம், அறுபத்தாறு ரூபா. நிமிடம் ஒன்றரை ரூபா. மோசமில்லை. ஆனால் அதை உடனே போட்டாரா? வாங்கியவர் வாங்கியபடி தனியே கேட்பது இந்தச் சாதியின் வழக்கமல்ல. ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்கு ஒஸ்வால்டையும் இன்னும் இரண்டு நண்பர்களையும் அழைத்தார். ஆமைக்கும் குதிரைக்கும் அன்றைக்குத் தீர்ப்பு.

சரோஜினிதேவி காலையிலேயே உழுந்து ஊறப்போட்டார். குங்குமக் கலர்ச் சேலை கட்டிக்கொண்டார். பெட்டி வந்து எட்டு மாதம் காத்திருந்தவர் அல்லவா?

இரத்தினசிங்கம் தட்டை வைத்து, ஊசிக் கையைத் தூக்கி இறக்கி, மணிக்கூட்டைப் பார்த்து நேரத்தைக் கொப்பியில் குறித்தார். பிடில் புறப்பட்டது. புறப்பட்டதென்ன, பறந்தது! கீச்சென்று உச்சிக்கு ஏறி, ஒரு சங்கதி முடியுமுன் அடுத்த சங்கதி அதன் குதியை மிதித்துக்கொண்டு ஓடிவந்தது. மிருதங்கம் தகரத்தில் மழை விழுந்தமாதிரிச் சடசடத்தது.

"குதிரை!" என்று கூவினார் இரத்தினசிங்கம். "பாத்தியளே, தம்புராதாசன் சொன்னது சரி. என்ன விரலடி!"

நண்பர்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்து, மற்றவர் ஆட்டுகிறார் என்று கண்டதும் தலையை ஆட்டினார்கள். "பிரில்லியன்ட்," என்றார் ஒஸ்வால்ட். "சரியான பிரில்லியன்ட்."

குசினியில் வடை தட்டிக்கொண்டிருந்த சரோஜினிதேவி கையைக் கழுவாமலே வாசலுக்கு வந்து நின்றார். அவருடைய முகம் சுருங்கிவிட்டது. "இது அந்தப் பிடில் இல்லை," என்றார்.

"உமக்கென்ன தெரியும்? விமர்சனத்திலையே போட்டிருக்கு," என்றார் இரத்தினசிங்கம்.

சரியாக அந்த இடத்தில் தட்டின் முதற்பக்கம் முடிந்தது. இரத்தினசிங்கம் மணிக்கூட்டைப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார். காதில் வைத்துப் பார்த்தார். முகம் சிவந்தது.

"பதினாறு நிமிஷம்! அட்டையிலை இருபத்திரண்டெண்டு போட்டிருக்கு. ஆறு நிமிஷத்தை அடிச்சுப்போட்டாங்கள்! மற்றப் பக்கமும் இப்பிடியெண்டால் நிமிஷம் ரெண்டு ரூபாவெல்லே வருகுது?"

குதிரை போன இடம் தெரியவில்லை. சற்றுமுன் கூவிப் புகழ்ந்தவர் தட்டை எடுத்து உறைக்குள் போட்டார். நாளைக்கு விடிந்ததும் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு மறுவேலை என்றார். டொக்டரே எடுத்து ஏமாறட்டும் என்றார். உள்ளூர்ப் பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதப்போவதாகவும் சொன்னார்.

சரோஜினிதேவி மண்டபத்துக்குள் வந்தார். விருந்தினர் முன்னால் அவர் உரத்துப் பேசி ஒருவரும் கேட்டதில்லை.

"திருப்பிக் குடுங்கோ," என்றார். "டொக்டர் வீட்டு விலாசத்தையும் கேட்டுக்கொண்டு வாங்கோ. கிருலப்பனைக்கு நடந்துபோய், அவையளின்ரை வாசலிலை நிண்டெண்டாலும் நான் கேப்பன்."

இரத்தினசிங்கம் கையில் தட்டோடு நின்றார். இருபத்தாறு வருடத்தில் கேட்ட ஒரே பொருள் தன் கையில் இருக்கிறது என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. வெட்கமாக இருந்தது.

சரோஜினிதேவி மேசையண்டை குனிந்து பெட்டியை உற்றுப் பார்த்தார். பிறகு சொன்னார்: "இந்தச் சுவிட்ச் ஏன் நாப்பத்தஞ்சிலை நிக்குது? பெரிய றெக்கோட்டுக்கு முப்பத்துமூண்டிலை விடச்சொல்லியெல்லே பெட்டியோடை வந்த புத்தகத்திலை கிடக்கு?"

அந்தப் புத்தகத்தை அந்த வீட்டில் வாசித்தவர் அவர் ஒருவர்தான். அதைப் பற்றி எந்த விமர்சகரும் எழுதாதபடியால் இரத்தினசிங்கம் திறந்தும் பார்க்கவில்லை. எட்டு மாத வெள்ளிக்கிழமைத் துடைப்பில் பொத்தான் ஒருபடி நகர்ந்திருந்தது. தட்டு வேண்டியதைவிட வேகமாகச் சுழன்றுதான் ஆறு நிமிடத்தை விழுங்கியிருந்தது.

மாவுக் கையைச் சேலைத் தலைப்பில் துடைத்துவிட்டு, பொத்தானைத் தள்ளி, தட்டை வாங்கி வைத்து, சரோஜினிதேவி தானே ஊசிக் கையை இறக்கினார். நாகநாதன் வாசிக்கத் தொடங்கினார்.

குதிரையும் இல்லை, ஆமையும் இல்லை. ஒரு மனிதர் சாப்பிட்டுவிட்டுப் பின்னேரக் காற்றில் கடற்கரையோரம் நடப்பதுபோல் இருந்தது. வேண்டிய இடத்தில் நின்றார், வேண்டிய இடத்தில் திரும்பிப் பார்த்தார். குசினியில் எண்ணெய் காய்ந்து புகைந்தது, ஒருவரும் எழும்பவில்லை. சரோஜினிதேவி கதிரைச் சட்டத்தைப் பிடித்தபடி நின்று அழுதார். இரத்தினசிங்கம் மணிக்கூட்டைப் பார்க்க மறந்துபோனார். இதைப் பற்றி யார் என்ன எழுதினார்கள் என்று கொப்பியில் பார்க்கவும் அவருக்குத் தோன்றவில்லை. அந்த இருபத்திரண்டு நிமிடமும் அவர் நல்ல மனிதராக இருந்தார்.

முடிந்ததும் முதலில் வாய் திறந்தவர் ஒஸ்வால்ட். "ஏன் ரத்தினம், அப்ப அந்தத் தம்புராதாசன்ர வீட்டுச் சுவிட்ச் எதில நிண்டிருக்கும்?"

சரோஜினிதேவி கண்ணைத் துடைத்துக்கொண்டு புருஷனைப் பார்த்தார். "எப்பிடி?" என்று கேட்டார்.

இரத்தினசிங்கத்தின் கை பழக்கதோஷத்தில் கொப்பியை நோக்கிப் போயிற்று. பாதி வழியில் நின்றது. "நல்லாயிருக்கு," என்றார். ஐம்பத்துமூன்று வயதில் சங்கீதத்தைப் பற்றி அவர் சொந்தமாகச் சொன்ன முதல் அபிப்பிராயம் அது. நால்வரும் தன்னையே பார்ப்பதைக் கண்டதும் அவருக்குப் பயம் பிடித்துவிட்டது. "போலை கிடக்கு," என்று சேர்த்துக்கொண்டார்.

நீங்கள் சிரித்திருப்பீர்கள். சிரியுங்கள், நல்லது. ஆனால் இந்தக் கதையை யாராவது நல்லது என்று சொன்ன பிறகுதானே கையில் எடுத்தீர்கள்? இப்போதும் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து, 'இது எப்படி, பரவாயில்லையா?' என்று கேட்க வாயைத் திறக்கிறீர்களே, தயவுசெய்து மூடிக்கொள்ளுங்கள். விறுவிறுப்புப் போதாது என்று என்னைப் பற்றி எங்காவது எழுதத் தோன்றினால் தாராளமாக எழுதுங்கள். அதற்கு முன்னால், உங்கள் சுவிட்ச் எதில் நிற்கிறது என்று மட்டும் குனிந்து ஒருமுறை பார்த்துவிடுங்கள்.