மொட்டை போட்ட மூன்று நாள்

ஜொகூர் முழுக்கத் தேடினாலும் இயந்திரத்துக்கு மரியாதை கொடுத்த மனிதர் ஒருவர்தான் கிடைப்பார். அவர் எங்கள் சாமா சாமா அண்ணன்.

கெலாங் பாத்தாவில் நான் வேலை செய்யும் பிளாஸ்டிக் தொழிற்சாலையின் வாசலில், முகம் பார்த்து வருகை பதியும் இயந்திரம் ஒன்று உண்டு. முகம் தெரிந்ததும் மலாயில் ‘தெரிமா காசி’ என்று நன்றி சொல்லும். நாங்கள் அதைக் காதில் வாங்காமல் உள்ளே ஓடுவோம். அண்ணன் மட்டும் தலை வாரி, மீசையை நீவி, நின்று முகம் காட்டி, ‘சாமா சாமா’ என்று பதில் மரியாதை செய்துவிட்டுத்தான் நகர்வார். பின்னால் வரிசை நீளும். கேட்டால், “நன்றி சொல்றவங்களுக்குப் பதில் சொல்லாம போனா நல்லாவா இருக்கு லா?” என்பார். ஏ.டி.எம்.மில் அவருக்குப் பின்னால் நிற்க யாருக்கும் துணிச்சல் கிடையாது.

சிறுநீரகம் கெட்டுப்போன மனைவிக்காக நேர்ந்துகொண்டு, தைப்பூசத்தில் மீசையோடு சேர்த்து மொட்டை போட்டார். மறுநாள் இயந்திரம் சிவப்பு விளக்கைக் காட்டியது. அண்ணனுக்குக் கோபமே வரவில்லை. “பாவம், மிரண்டுருச்சு” என்றார். காவலாளி உள்ளே விட்டார். நாள் முழுக்க வேலையும் செய்தார். கணினியில் மட்டும் அவர் வரவில்லை.

மூன்று நாள் சொல்லாமல் வராவிட்டால் கணினியே வேலைநீக்கக் கடிதம் அனுப்பிவிடும். மனைவியின் சிகிச்சைக்கான கம்பெனி மருத்துவ அட்டையும் அதோடு போய்விடும். புது முகம் பதிய மனு போட வேண்டும். அந்த மனுவைத் திறக்கவும் அவர் முகத்தைத்தான் காட்ட வேண்டும்.

“அண்ணே, நீங்கதான்னு எனக்குத் தெரியுது. சிஸ்டத்துக்குத் தெரியலையே” என்றாள் ஆபீஸ் பெண்.

இரண்டாம் நாள் கறுப்பு டேப்பை வெட்டி மீசையாக ஒட்டிவிட்டோம். இயந்திரம் நன்றி சொன்னது. ஆனால் வருகை பதிவானது லோரி ஓட்டும் மணியத்துக்கு. அவர் அன்று விடுப்பில் காஹாங்கில் இருந்தார்.

மூன்றாம் நாள், ‘இவர் தினமும் வந்தார்’ என்று ஒரு தாளில் எழுதிப் பதினெட்டுப் பேர் கையெழுத்துப் போட்டோம். மேனேஜர் முழுக்கப் படித்தார். தாளையெல்லாம் சிஸ்டம் ஏற்காது என்று, வருத்தத்தோடுதான், என்னிடம் திருப்பிக் கொடுத்தார். மாலையில் அண்ணனின் கைப்பேசிக்குக் கடிதம் வந்தது.

அவர் லாக்கரைக் காலி செய்தபோது பக்கத்தில் போய் நின்றேன். 

“அந்தத் தாள் உங்கிட்டயா இருக்கு, தங்கச்சி? குடு. வீட்டுல அவகிட்ட காட்டணும்.”

நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அதில் முதல் கையெழுத்து என்னுடையது. என் பெயரை அவ்வளவு பெரிதாக நான் வேறெங்கும் எழுதியதில்லை.