கண்ணாடிக்குள் ஒற்றைக் கண்

இருட்டை இருட்டாகவே விட்டுவிடுவது நல்லது. புதுக் கேமரா வாங்கிய பிறகுதான் இது எனக்குத் தெரிந்தது. அதற்கு முன்பு ஒழுங்காகத்தான் இருந்தேன்.

திண்டுக்கல்லில் அக்கா புது வீடு கட்டிப் பால் காய்ச்சியபோது, படம் எடுக்கும் பொறுப்பை நானாகவே பிடுங்கிக்கொண்டேன். ரா ஃபைலில் எடுத்தால் இருட்டுக்குள் இருப்பதைக்கூடப் பிறகு வெளியே கொண்டுவந்துவிடலாம் என்று மச்சானிடம் பீற்றிக்கொண்டேன். (என் நாக்கில் சனி உட்கார்ந்திருந்த நேரம்.)

அந்த வீட்டுக்குள் முதலில் போனவர் அக்காவின் மாமனார். அவர் இறந்துபோனவர், மாலை போட்ட படமாகத்தான் போனார். ஹாலில் ஆணியடித்து, கொஞ்சம் முன்னால் சாய்த்து அவரை மாட்டிய பிறகே அடுப்பு மூட்டினார்கள்.

மறுநாள் உச்சி வேளை. தெருவில் நாய்கூட இல்லை. கம்ப்யூட்டரில் ஹால் படத்தைத் திறந்து, நிழலை வெளிச்சமாக்கும் பட்டையை வலப்பக்கம் தள்ளினேன். மாமனார் படத்தின் கறுப்புப் பின்னணி சாம்பலாகி, அவர் தோளுக்குப் பின்னால் ஒரு தலை முளைத்தது. இன்னும் தள்ளினேன். அதற்கு ஒரே கண். வட்டமாக, பளபளவென்று என்னையே பார்த்தது. அடுத்த படத்திலும் இருந்தது. அதற்கடுத்ததில் கொஞ்சம் கிட்டே வந்திருந்தது. ஃபேன் சுற்றியும் முதுகில் வேர்வை வழிந்தது.

புத்தியுள்ளவன் அழித்திருப்பான். நான் சிவப்பு வட்டம் போட்டுக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அனுப்பினேன்.

அக்காவின் மாமியார் படத்தைப் பார்த்ததும், "அவருகூட என்னமோ வந்து நிக்கிது. இனிமே அந்த வீட்ல நான் கால் வைக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். வாடகை வீட்டைக் காலி செய்வதற்காகச் சாமானெல்லாம் கட்டி வைத்திருந்த அக்கா, அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து அழுதாள். ஆசை ஆசையாய்க் கட்டிய வீடு. எனக்குச் செத்துப்போகலாம் போலிருந்தது.

வெள்ளிக்கிழமை பூசாரி வந்தார். பூசணிக்காய், எலுமிச்சம்பழம், சூடம். மாமனார் படத்துக்கு முன்னால் எல்லோரும் கைகட்டி நின்றோம். உடுக்கை ஓய்ந்ததும் வீடு கப்சிப்பென்று ஆனது. நான் சும்மா நின்றிருக்கலாம். இதையும் ஒரு படம் எடுத்து வைப்போமே என்று கேமராவைக் கண்ணுக்கு உயர்த்தினேன். மாமனார் படத்தின் கண்ணாடிக்குள் அது நின்றது. நான் போட்ட அலறலில் பூசாரி பூசணிக்காயைத் தன் காலிலேயே போட்டுக்கொண்டார்.

எல்லோரும் வாசலுக்கு ஓட, அக்கா மட்டும் நகரவில்லை. படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஏலே, கேமராவ இறக்கு."

இறக்கினேன். அதற்கு இரண்டு கண் வந்தது.

"இப்பத் தூக்கு."

தூக்கினேன். ஒன்றானது.

"நாசமாப் போறவனே, அது நீதான்டா" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

அடுத்த வாரமே குடியேறினார்கள். இன்றைக்கும் நான் அங்கே போனால் அக்காவின் மாமியார், "ஒத்தக்கண்ணு முனி வந்துருக்கு, எலுமிச்சம்பழம் எடுத்துட்டு வாங்க" என்று உள்ளே குரல் கொடுப்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

பால் காய்ச்சிய அன்று எடுத்த குடும்பப் படம் ஒன்று உண்டு. கேமராவை ஸ்டாண்டில் வைத்து, டைமர் போட்டுவிட்டு ஓடிப்போய் நானும் நின்றுகொண்டது. போன மாதம் அதிலும் நிழலை ஏற்றிப் பார்த்தேன். வீட்டில் இருந்த அத்தனை பேரும் வரிசையில் நிற்கிறோம். ஓரத்தில் நான் இளித்துக்கொண்டிருக்கிறேன். மாமனார் படத்தின் கண்ணாடியில் ஸ்டாண்டு தெரிகிறது. அதற்குப் பின்னால் யாரோ குனிந்து, கேமராவில் கண்ணை வைத்து எங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அக்காவிடம் சொல்லவில்லை. அவள் அங்கே நிம்மதியாக இருக்கிறாள். பட்டையை இடப்பக்கம் தள்ளிப் பழையபடி இருட்டாக்கி, பிரேம் போட்டுக் கொடுத்தேன். மாமனாருக்குப் பக்கத்திலேயே மாட்டியிருக்கிறாள்.